பெயின்ட் காசு மட்டும்தானா?

(தர்ம ஏலத்துக்கு ஓவியம் கொடுக்கும் கலைஞர்களைப் பற்றி ஒரு பாடம்)

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, 'லேத் மிஷினின் வகைகள்' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதி எழுதியே கை ஓய்ந்து போயிருக்கிறோம். ஆகவே சிலபஸில் இல்லாத ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டேன்.

இன்றைய ஓவியர்கள் பலர் தங்கள் படைப்புகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தை மருத்துவத்துக்கும் பேரிடர் உதவிக்கும் அனுப்புகிறார்கள். இதற்குத் தர்ம ஏலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது எப்படி நடக்கிறது? இதில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'கோடிக்கணக்கில் விலை போகும் படத்துக்கும் பாலிடெக்னிக்கில் படிக்கிற நமக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாமும் கைத்தொழில் கற்கிறவர்கள். நாளைக்கு நம்மையும் நாலு பேர் கூப்பிட்டு, 'நல்ல காரியம் தம்பி, சும்மா செஞ்சு கொடு' என்று கேட்கத்தான் போகிறார்கள். அப்போது என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லதல்லவா?

ஏலம் நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை. சர்ச்சில் அறுவடைப் பண்டிகை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டுத் தோட்டத்தில் காய்த்த முதல் பூசணிக்காயை ஒருவர் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார். அதை ஏலம் விடுவார்கள். 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று முடியும்போது, சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இன்னொருவர் எடுத்துப் போவார். அவருக்குப் பூசணிக்காய்க்கா பஞ்சம்? பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்பதால்தான் அவ்வளவு கொடுக்கிறார்.

இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். பொருளைக் கொடுத்தவர் ஒருவர். பணத்தைக் கொடுத்தவர் ஒருவர். பயன் பெறுகிறவர் ஒருவர். நியூயார்க், லண்டன் ஏலக் கூடங்களிலும் இதே மூன்று பேர்தான். இடையில் ஏலம் நடத்தும் கம்பெனி என்ற நாலாவது ஆள் மட்டும் கூடுதல்.

ஏலத்தின் உறுப்புகள்

ஒரு மிஷினைப் படிக்கும் முன் அதன் பார்ட்ஸ்களைத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதுபோல ஏலத்தின் உறுப்புகளை முதலில் பார்ப்போம்.

1. மதிப்பீடு: இந்தப் படம் இத்தனையிலிருந்து இத்தனை வரை போகும் என்று ஏலக் கம்பெனி முன்கூட்டியே அச்சிட்டு வெளியிடும் விலை. நம் எஸ்டிமேட் மாதிரிதான். ஆனால் இது வெறும் கணிப்பு, ஒப்பந்தம் அல்ல.

2. ரிசர்வ் விலை: இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ரகசியமாக வைத்திருக்கும் அடிமட்ட விலை.

3. சுத்தியல் விலை: கடைசியாகக் கேட்டவரின் விலையில் ஏலதாரர் சுத்தியலைத் தட்டுவார். அந்தத் தொகை.

4. வாங்குவோர் கட்டணம்: சுத்தியல் விலைக்கு மேல் இத்தனை சதவீதம் என்று வாங்குகிறவர் ஏலக் கம்பெனிக்குக் கட்டும் தொகை. கம்பெனியின் முக்கிய வருமானம் இதுதான். தர்ம ஏலங்களில் சில சமயம் கம்பெனி இதை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ விட்டுக் கொடுக்கும்.

இந்த நாலும் புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. இனி உதாரணங்களுக்குப் போவோம்.

உதாரணம் 1: நியூயார்க், 2008

2008 பிப்ரவரி 14. காதலர் தினம். நியூயார்க்கில் சோத்பீஸ் என்ற ஏலக் கம்பெனியில் 'ரெட்' ஏலம் நடந்தது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயை எதிர்க்கும் திட்டங்களுக்குப் பணம் திரட்டுவதே நோக்கம். பாடகர் போனோவும் பிரிட்டன் ஓவியர் டேமியன் ஹர்ஸ்டும் முன்நின்று மற்ற கலைஞர்களிடம் படைப்புகளைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரே இரவில் சுமார் 4 கோடியே 26 லட்சம் டாலர் சேர்ந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்க 2002-ல் தொடங்கப்பட்ட குளோபல் ஃபண்ட் என்ற அமைப்பின் ஆதரவில் நடக்கும் பணிகளுக்கு அது சென்றது.

ஹர்ஸ்ட் மற்றவர்களிடம் கேட்டதோடு நிற்கவில்லை. தானும் ஏழு படைப்புகளைக் கொடுத்தார். அவற்றில் ஒன்று மருந்து அலமாரி. எச்.ஐ.வி. நோயாளிகள் சாப்பிடும் மாத்திரைகளை வரிசை வரிசையாக அடுக்கிச் செய்தது. அது மட்டும் 71 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒரு மாத்திரை அலமாரியைப் பார்ப்பதற்காக விற்று, அந்தக் காசில் நிஜ மாத்திரை வாங்குகிறார்கள்! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் சிரிப்பாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

அதே ஏலத்தில் பேங்க்ஸி என்பவரின் படமும் இருந்தது. இவர் தன் பெயரையும் முகத்தையும் வெளியே காட்டாமல் தெருச் சுவர்களில் படம் போடுகிறவர். ஹர்ஸ்டின் புள்ளி ஓவியம் ஒன்றின் மேலேயே, வேலைக்காரப் பெண் அதன் ஓரத்தைத் தூக்கி அடியில் குப்பையைத் தள்ளுவது போல வரைந்திருந்தார். மதிப்பீடு இரண்டரை லட்சம் முதல் மூன்றரை லட்சம் டாலர். போன விலை 18 லட்சத்து 70 ஆயிரம் டாலர்! பேங்க்ஸியின் படங்களில் 2019 வரை இதுவே அதிக விலைக்கு ஏலம் போனதாக இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூட பேங்க்ஸிக்கு வரவில்லை. ஆனால் 'இவர் படம் இவ்வளவு போகும்' என்ற பேச்சு வந்துவிட்டது. அடுத்த படத்துக்கு அது உதவும். ஆக, பெரிய பெயர் எடுத்தவர் கொடுக்கும்போது கொடுத்ததில் ஒரு பங்கு சுற்றி வளைத்துத் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

உதாரணம் 2: ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம்

2020 மே மாதம். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்து அரசு மருத்துவமனையில் பேங்க்ஸியின் ஓவியம் ஒன்று மாட்டப்பட்டது. ஒரு சிறுவன் பொம்மை வைத்து விளையாடுகிறான். பேட்மேன், ஸ்பைடர்மேன் பொம்மைகள் எல்லாம் குப்பைக் கூடையில் கிடக்கின்றன. அவன் கையில் தூக்கிப் பிடித்திருப்பது முகக் கவசம் போட்ட நர்ஸ் பொம்மை! பட்டப் பெயர் எதுவும் தேவையில்லாமல் எல்லாருக்கும் புரிகிற படம்.

2021 மார்ச் 23 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் கம்பெனி இதை ஏலம் விட்டது. பிரிட்டனில் முதல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. மதிப்பீடு 25 முதல் 35 லட்சம் பவுண்டு. சுத்தியல் விலையோ 1 கோடியே 44 லட்சம் பவுண்டு. கட்டணத்தோடு சேர்த்து 1 கோடியே 67 லட்சத்து 58 ஆயிரம் பவுண்டு. அந்த மருத்துவமனையின் தர்ம நிதிக்கும் பிரிட்டனின் பிற நலவாழ்வு அமைப்புகளுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.

இப்போது கழித்தல் கணக்குப் போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 23 லட்சத்து 58 ஆயிரம் பவுண்டு. இதுதான் வாங்குவோர் கட்டணம். இதிலும் கணிசமான பகுதியைக் கிறிஸ்டீஸ் தர்மத்துக்கே கொடுத்தது. பேப்பரில் 'இத்தனை கோடிக்கு ஏலம் போனது' என்று படித்தால், சுத்தியல் விலையா, கட்டணம் சேர்ந்த விலையா என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தர்மத்துக்குப் போனது எவ்வளவு என்பது அதன் பிறகுதான் தெரியும்.

உதாரணம் 3: ஹெய்ட்டி

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டைப் பெரும் பூகம்பம் தாக்கியது. 2011 செப்டம்பர் 22 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸில் அந்நாட்டுக்காக ஓர் ஏலம் நடந்தது. நடிகர் பென் ஸ்டில்லரும் கேலரி உரிமையாளர் டேவிட் ஸ்விர்னரும் ஏற்பாடு செய்தார்கள். சுமார் 1 கோடியே 37 லட்சம் டாலர் சேர்ந்தது.

பூகம்பத்துக்கும் ஏலத்துக்கும் இடையே இருபது மாதம் என்பதைப் பாருங்கள். ஓவிய ஏலத்தால் இடிபாட்டில் சிக்கியவரை மீட்க முடியாது. ஓவியரிடம் கேட்டு, அவர் வரைந்து, கேட்லாக் அச்சிட்டு, கண்காட்சி வைத்துத்தான் விற்க முடியும். ஆனால் டி.வி. கேமராக்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தேவைப்படுகிறதே, அதற்கு இந்தப் பணம் உதவும். அவசர உதவி வேறு, நீண்டகால உதவி வேறு.

பாடத்தின் கடினமான பகுதி

இதுவரை கேட்டது எல்லாம் கோடிக் கணக்கு. இனி சின்னக் கணக்கு ஒன்று. அமெரிக்காவில் அவ்வளவாகப் பெயர் தெரியாத ஓர் ஓவியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு படம் வரைகிறார். கேன்வாஸ், பெயின்ட், சட்டம் எல்லாம் சேர்த்து 200 டாலர் செலவு. கடையில் வைத்தால் 5,000 டாலருக்குப் போகும். அதைத் தர்ம ஏலத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் கொடுத்தது எவ்வளவு?

5,000 டாலர் என்று நாம் சொல்வோம். அமெரிக்க வருமான வரிச் சட்டம் அப்படிச் சொல்லாது. 1969-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தான் வரைந்த படத்தைத் தானே நன்கொடையாகக் கொடுக்கும் கலைஞர், பொருட்செலவை மட்டும்தான் நன்கொடையாகக் கணக்குக் காட்டலாம். அதாவது 200 டாலர். அதையும் ஏற்கெனவே தொழில் செலவில் கழித்திருந்தால் அதுவும் கிடையாது. ஆனால் அதே மாதிரிப் படத்தை விலைக்கு வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பணக்காரர் ஒருவர், அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் பொதுவாகச் சந்தை விலையையே கணக்குக் காட்டலாம். வரைந்தவர் அதே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாலும் அவருக்குப் பெயின்ட் காசுதான்! இதை மாற்றச் சொல்லி செனட்டராக இருந்த பாட்ரிக் லேஹி உள்ளிட்டோர் பலமுறை மசோதா கொண்டுவந்தும் நிறைவேறவில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. ஓவியர் அந்தப் படத்தை விற்றிருந்தால் வருமானம் வந்திருக்கும், அதற்கு வரி கட்டியிருப்பார். விற்காததால் வருமானமும் இல்லை, வரியும் இல்லை. எந்தத் தொழிலாளியும் தன் இலவச உழைப்புக்கு வரிக் கழிவு கேட்க முடியாது என்பது அந்த வாதம். கணக்கு என்று பார்த்தால் சரிதான். ஆனால் 'நீ கொடுத்தது பெயின்ட் காசு மட்டும்தான்' என்று ஒரு மனுஷனிடம் சொல்வது சரியா?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்க அப்பா போர்டு எழுதுகிறவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை குறைந்து, இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கவும் போகிறார். ஊரில் கும்பாபிஷேகம் என்றால் நன்கொடையாளர் பெயர்ப் பலகையை அப்பாதான் எழுதுவார். 'நல்ல காரியம்தானே, பெயின்ட் காசு மட்டும் வாங்கிக்கப்பா' என்பார்கள். அப்பாவும் சரி என்று ராத்திரி பெட்ரோமாக்ஸ் போல ஒரு பல்பைக் கட்டி வைத்துக்கொண்டு எழுதுவார். 1001 ரூபாய் கொடுத்தவர் பெயர், 501 கொடுத்தவர் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். மூன்று ராத்திரி கொடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. ஒரு தடவை நான் கேட்டேன், 'உங்க பேரையும் கடைசில எழுதிக்க வேண்டியதுதானே?' அப்பா, 'நான் என்னடா கொடுத்தேன்?' என்றார்.

நண்பர்களே! அமெரிக்கச் சட்டத்தில் 'பெயின்ட் காசு' என்று படித்தபோது எனக்கு அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது. அப்பா கொடுத்தது மூன்று நாள் உழைப்பு. அதைக் கொடுத்ததாக ஊரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. இதைத்தான் நான் தவறு என்கிறேன். கொடுப்பது தவறல்ல. கொடுத்ததை எண்ணாமல் விடுவது தவறு.

'விளம்பரம் கிடைக்குமே!'

சின்னக் கலைஞர்களிடம் இலவசமாகக் கேட்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் வார்த்தை இது. பேங்க்ஸிக்கு அது நடந்தது உண்மைதான். ஆனால் பெயர் தெரியாதவருக்கு நேர் எதிராகவும் நடக்கலாம். கடையில் 5,000-க்குப் போகும் படம், கூட்டம் வராத தர்ம ஏலத்தில் 800-க்குப் போய்விட்டால், 'இவர் படம் 800-தான்' என்ற பெயர் வந்துவிடும். தர்மமும் சரியாக நடக்கவில்லை, தொழிலும் கெட்டது. இதைத் தடுக்கத்தான் மேலே சொன்ன ரிசர்வ் விலை. இலவசமாகக் கொடுத்தாலும் ரிசர்வ் வைக்கச் சொல்லிக் கேட்பது கலைஞரின் உரிமை.

நல்ல ஏற்பாடுகளும் உண்டு

ஒன்று: சில அமைப்புகள் விற்ற தொகையில் ஒரு பங்கை, சில இடங்களில் பாதி வரைகூட, கலைஞருக்கே கொடுத்துவிடுகின்றன. இதனால் வருஷா வருஷம் கலைஞர்கள் மனமுவந்து வருகிறார்கள்.

இரண்டு: லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994-ல் 'சீக்ரெட்' என்ற விற்பனையைத் தொடங்கியது. இது ஏலம் அல்ல. பெரிய ஓவியர்களும் மாணவர்களும் ஒரே அளவு போஸ்ட்கார்டில் வரைந்து கொடுப்பார்கள். கையெழுத்து பின்பக்கத்தில் மட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விலை. வாங்கித் திருப்பிப் பார்த்தால்தான் யார் வரைந்தது என்று தெரியும். பணம் மாணவர்களின் படிப்புக்கு. பெயரைப் பார்த்து விலை வைக்காமல் வேலையைப் பார்த்து வாங்க வைத்தார்களே, அங்கேதான் இதன் அழகு.

மூன்று: 1963-ல் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் இசைக் கலைஞர் ஜான் கேஜும் சேர்ந்து நியூயார்க்கில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஓவியர்கள் கொடுக்கும் படங்களை விற்று, நாட்டியம், இசை, நாடகம் போன்ற துறைகளில் கஷ்டப்படும் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். கலைஞர் கொடுத்தது இன்னொரு கலைஞருக்கே போய்ச் சேர்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நம் மாணவர் பேரவையும் ஒருநாள் இப்படி ஓர் ஏலம் நடத்தலாம். நம்மில் படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிட்டிங் ஷாப்பில் அழகாக பேப்பர் வெயிட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாமல் தவிக்கிற நண்பனும் நம் வகுப்பிலேயே இருக்கிறான். நடத்தினால் இந்த ஐந்து விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

1. செய்தவருக்குப் பொருட்செலவை முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் செய்தவரைக் கேட்டு ரிசர்வ் விலை வைக்க வேண்டும். விலை வராவிட்டால் பொருளை மரியாதையாகத் திருப்பித் தர வேண்டும்.

3. வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

4. கொடுக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், 'கருமி' என்று பேசக் கூடாது.

5. நன்கொடைப் பட்டியலில் பணம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் செய்து கொடுத்தவர் பெயரும், அதற்கு அவர் செலவிட்ட மணி நேரமும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது விதிதான் எனக்கு முக்கியம். உழைப்பைக் கொடுக்கிறவனும் நன்கொடையாளன்தான். ஜாப் கார்டில் மெட்டீரியல் என்று ஒரு கட்டமும் லேபர் என்று ஒரு கட்டமும் தனித்தனியாக இருப்பது நமக்குத் தெரியும். தர்மக் கணக்கிலும் அந்த இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட வேண்டாம்.

அடுத்த தடவை ஊரில் பெயர்ப் பலகை எழுதும்போது, கடைசி வரியை நானே எழுதப் போகிறேன். அப்பா திட்டுவார். பரவாயில்லை.